மறு: ஃபிஷிங்குக்கு ‘மின்னேய்ப்பு’ வேண்டாம், ‘தூண்டில்’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். தெரிந்தவர் பெயரில் பொய் மடல் அனுப்பி, கடவுச்சொல்லையோ பணத்தையோ பறிக்கும் ‘ஃபிஷிங்’ மோசடிக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். ‘தூண்டில்’ என்று நான் எழுதியதற்கு வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> மின்னேய்ப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் தெளிவாக இருக்கிறது, அகராதியிலும் நன்றாக நிற்கும்.

ஐயா, பொருள் தெளிவுதான். ஆனால் ஏய்ப்பு என்பது பணம் போன பிறகு புகார் மனுவில் எழுதும் சொல். அந்த மடல் வந்து நிற்கும்போது, திறக்கலாமா வேண்டாமா என்று கணினி முன்னால் ஒருவர் யோசிக்கிறாரே, அந்த ஒரு நிமிடத்துக்கு உதவுகிற சொல்லைத்தான் நாம் தேட வேண்டும்.

போன மாதம் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவினருக்கு வகுப்பு எடுத்தேன். அவர்களுக்கே வந்த மடல் ஒன்றைத் திரையில் போட்டேன். வழக்கமாக நூல் வாங்கும் மில் அனுப்பியது மாதிரியே இருந்தது. அதே கையொப்பம், நிலுவையில் இருந்த அதே பில் எண். நடுவில் ஒரே ஒரு வரி: பழைய வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்பவும். அனுப்புநர் முகவரியில் ‘எம்’ வரவேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டு எழுத்தும் ஒட்டி நின்றன. சாதாரண அளவில் பார்த்தால் எம் என்றுதான் கண் படிக்கும். பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் எல்லோருக்கும் பிடிபட்டது. பணம் போகாமல் தப்பியதற்குக் காரணம் கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர். மடலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, தன் டைரியில் இருந்த பழைய எண்ணில் மில்லைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

நான் வகுப்பு முழுக்க ஃபிஷிங், ஃபிஷிங் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பியின் நோட்டில் பார்த்தால் ‘மீன் பிடித்தல்’ என்று எழுதியிருந்தது. தவறு அவருடையது அல்ல. 1990களின் நடுவில், ‘அமெரிக்கா ஆன்லைன்’ என்ற இணையச் சேவையின் பயனர்களுடைய கடவுச்சொல்லைத் திருடியவர்களிடம் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியது. ஆங்கிலத்தில் மீன்பிடிப்புக்கான சொல்லின் முதலெழுத்தை மாற்றி எழுதியதுதான் அதன் அடையாளம். தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு நிற்பதில்லை, இரண்டும் ஃபிஷிங்தான். அதனால் ஒலிபெயர்ப்பு இங்கே கைகொடுக்காது.

இதை விளக்கியபோது அந்த அக்காதான் சொன்னார்: “தூண்டில் போட்டிருக்கான்னு சொல்லுங்க சார், புரிஞ்சிரும்.” நான் இங்கே முதல் மடல் எழுதியது அன்று இரவு.

> வலைவீச்சு என்று ஏன் சொல்லக்கூடாது? ஆயிரம் பேருக்கு ஒரே மடல் போகிறதே.

வலைத்தளம், வலைப்பூ என்று ‘வலை’ ஏற்கெனவே இணையத்துக்குப் போய்விட்டது. அதை விடுங்கள், சமாளிக்கலாம். ஆனால் வலையில் மீனுக்கு வேலையே இல்லை, வாரிக்கொண்டு போகிறார்கள். தூண்டிலிலோ மீன் தானே வந்து கவ்வ வேண்டும். 2011-இல் ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், அந்த ஆண்டின் ஆளெடுப்புத் திட்டம் என்ற பெயரில் ஓர் எக்செல் கோப்பை அனுப்பினார்கள். மடல் வடிகட்டி தன் வேலையைச் சரியாகச் செய்து அதைக் குப்பை மடல்களில் தள்ளியிருந்தது. ஊழியர் ஒருவர் அங்கிருந்து எடுத்துத் திறந்தார். கடவுச்சொல்லோடு இன்னோர் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்புக்கான கருவியைப் பிற நிறுவனங்களுக்கு விற்கும் நிறுவனத்துக்கே இந்த நிலை. கவ்வினால்தான் ஆபத்து என்பதைச் சொல்லே சொல்லிவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

தூண்டில் என்ற சொல்லுக்குள் ‘தூண்டு’ இருக்கிறது. உடனே செய்யுங்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும் என்று அவசரப்படுத்துவதும் தூண்டுவதுதானே. அப்புறம், சூதைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவர் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறார் (குறள் 931). அந்தப் பொன்னை இரைக்குள் மறைந்த இரும்பு என்று விளக்குகிறார் பரிமேலழகர். நம் மடலில் பில் எண் இரை, புதிய கணக்கு எண் இரும்பு. இந்த உவமை நமக்கு யாரிடமும் கடன் வாங்கியது அல்ல.

‘மின்தூண்டில்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மின்’ தேவையில்லை, தொலைபேசியிலும் இதே வேலை நடக்கிறது. தூண்டில் மடல், தூண்டில் தளம், அழைப்புத் தூண்டில், குறுஞ்செய்தித் தூண்டில் என்று எல்லாமே சிரமமில்லாமல் வந்துவிடும்.

எனக்கு உறுதி இல்லாதது ஒன்றே ஒன்று. ஒருவரைக் குறிவைத்து, அவருடைய கொடுக்கல் வாங்கலைத் தெரிந்துகொண்டு அனுப்பும் வகைக்கு ‘ஈட்டித் தூண்டில்’ என்று சொல்லியிருந்தீர்கள். அது ‘ஸ்பியர் (ஈட்டி) ஃபிஷிங்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். ஈட்டியையும் தூண்டிலையும் சேர்த்துப் பிடித்த மீனவர் கிடையாது. 2013 முதல் 2015 வரை லித்துவேனியா நாட்டவர் ஒருவர், தைவானின் க்வான்டா நிறுவனத்தின் பெயரில் பொய் பில் அனுப்பி, கூகுள், பேஸ்புக் இரண்டிடமும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். இரண்டு நிறுவனங்களும் க்வான்டாவோடு உண்மையிலேயே வணிகம் செய்துவந்தன, அதனால்தான் பில் இயல்பாகத் தெரிந்தது. ஆளை அறிந்து போடுவதால் இதை ‘ஆளறி தூண்டில்’ என்கிறேன். வாயில் எளிதாக வருகிறதா என்று சொல்லிப் பாருங்கள்.

அந்தத் திருப்பூர் நிறுவனத்துக்கான சுவரொட்டி செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. வாசகம் இதுதான்: ‘கணக்கு எண் மாறியதாக மடல் வந்தால் தூண்டிலாக இருக்கலாம். உங்களிடம் இருக்கும் பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.’ (1930 என்பது இணையவழிப் பண மோசடியைப் புகார் செய்யும் அரசு உதவி எண்.) ஆளறி தூண்டிலையும் இதில் சேர்ப்பதா என்று திங்கள் மாலைக்குள் எழுதுங்கள்.