தரம் 10இல் ஆங்கில இலக்கிய நயம்: பெற்றோருக்கு எவ்வாறு அறிமுகப்படுத்துவது?

மாங்குளம் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வரும் ஆண்டு தரம் 10 மாணவருக்கு ஆங்கில இலக்கிய நயத்தைத் தொடங்க அதிபர் இசைந்திருக்கிறார். 9 பிள்ளைகள் விருப்பம் தெரிவித்துள்ளார்கள். பெற்றோரில் மூவர் மட்டுமே சம்மதித்துள்ளார்கள். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் ஏற்கெனவே கட்டாய பாடமாக இருக்கும்போது இன்னோர் ஆங்கிலம் எதற்கு என்பதே அவர்களின் முதற் கேள்வி. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவை அடங்கிய அதே தொகுதியில் இதுவும் இருந்து, அவற்றில் ஒன்றையே தெரிவுசெய்ய வேண்டியிருப்பதால், சித்திரத்தில் கிடைக்கக்கூடிய ஏ சித்தி கைநழுவிவிடும் என்ற அச்சமும் இருக்கிறது. அந்த அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. இவர்களிற் பலர் இடப்பெயர்வுகளுக்கு நடுவே மர நிழலிலும் கொட்டில்களிலும் படித்து, பாதியில் நிறுத்தியவர்கள். பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைத் தவிர வேறு பிடிமானம் அவர்களுக்கு இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எதிலிருந்து தொடங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி:
முதல் ஆண்டில் நான் பாடத்திட்டத்தின் நோக்கங்களை ஒவ்வொன்றாக விளக்கினேன். பெற்றோர் மரியாதையோடு கேட்டிருந்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டு பிள்ளைகளே சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு நோக்கங்களை ஒதுக்கிவிட்டு, பாடத் தொகுப்பிலிருந்த ஒரு கவிதையைத் தமிழில் சொல்லித் தொடங்கினேன். 1945இல் நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் கபிரியேலா மிஸ்த்ரால் எழுதிய கவிதை அது. தன் சிறுமகளை யாரும் குருவியாக்கிவிடக் கூடாது, இளவரசியாக்கிவிடக் கூடாது, அரசியாக்கிவிடவும் கூடாது என்று ஒரு தாய் அஞ்சுகிறாள். பறந்துபோனால் தலைவாரிவிட முடியாது, அரியணையில் ஏற்றிவிட்டால் போய்ப் பார்க்க முடியாது என்பது அவளுடைய கவலை.

சொல்லி முடித்ததும் மண்டபம் அமைதியாகிவிட்டது. பின்வரிசையிலிருந்த ஒரு தாய், “என்ர மூத்தவள் கொழும்புக்கு வேலைக்கெண்டு வெளிக்கிட்ட நேரம் எனக்கும் இந்தப் பயந்தான் வந்தது” என்றார். அந்தத் தாய் அஞ்சுவது சரியா என்று கேட்டேன். பிள்ளையை விட்டுக்கொடுப்பதுதானே வளர்ப்பு என்றார் ஒருவர். பெற்றவளுக்குத்தான் அது தெரியும் என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் விவாதித்தார்கள். பிறகுதான், உங்கள் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் செய்யப்போவதும் இதையே, ஆனால் ஆங்கிலத்தில், தம் கருத்துக்குக் கவிதையின் சொற்களிலிருந்து ஆதாரம் காட்டி எழுதுவார்கள் என்று கூறினேன். கட்டாய ஆங்கிலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அதன்பின் நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. நாடகப் பகுதியும் அப்படித்தான்: காத்தவராயன் கூத்தையும் கோவலன் கூத்தையும் விடியவிடியப் பார்த்த மக்களுக்கு, ஒரு பாத்திரம் ஏன் அப்படிப் பேசுகிறது என்ற கேள்வி புதிதல்ல.

ஒன்றை மட்டும் மறைக்காமற் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ளத் திணறும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகளும் பெரும் சுமையாகிவிடும். எண்ணிக்கை காட்டுவதற்காக அத்தகைய பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். எந்த ஆண்டுப் பரீட்சைக்கு எந்த நூல்கள் என்பதையும் கூட்டத்துக்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

துணுக்காயிலிருந்து ஒரு தந்தை:
நான் கமக்காரன், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மகள் இந்தப் பாடத்தைத்தான் எடுத்தாள். முதலில் மறுத்தேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதற்கு ரியூசன் இல்லை, வீட்டிலும் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவளுக்குக் கிடைத்த நாவல் ஆர். கே. நாராயண் 1967இல் எழுதியது. இனிப்புக்கடை நடத்தும் தந்தையும், அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய மகனும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முடியாமல் தவிக்கும் கதை. ஆங்கில இலக்கியம் என்றால் வெள்ளைக்காரரின் கதை என்றே எண்ணியிருந்தேன். எழுதியவர் சென்னையில் பிறந்தவர் என்று மகள் சொல்லித்தான் அறிந்தேன். ஒவ்வோர் அத்தியாயத்தையும் மாலையில் எங்களுக்குத் தமிழிற் சொல்லுவாள். நான் தந்தையின் பக்கம், அவள் மகனின் பக்கம். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாடம் மனத்தில் நின்றது.

கூட்டக் கடிதத்தைத் தமிழில் அனுப்புங்கள். விதைப்பு நாட்களைத் தவிர்த்து, கடைசிப் பேருந்துக்கு முன் முடியும்படி வையுங்கள்; பெற்றோர் வருவார்கள்.

முல்லைத்தீவு ஆசிரியர்:
தமிழ் இலக்கிய நயமும் அதே தொகுதியில் உள்ளது என்பதைப் பெற்றோரிடம் சொல்லத் தவறாதீர்கள். இரண்டில் ஒன்றையே எடுக்கலாம். தமிழில் ஆழ்ந்த ஈடுபாடுள்ள பிள்ளையை ஆங்கிலத்தின் மதிப்புக்காக மட்டும் இங்கே இழுப்பது நியாயமாகாது.

மாங்குளம் ஆசிரியை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 9 பிள்ளைகளோடும் தனித்தனியே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசித்துப் பார்த்துவிட்டே பெற்றோரை அழைக்கப்போகிறேன். தமிழ் இலக்கிய நயத்தைப் பற்றியும் கூட்டத்தில் விளக்குவேன். மிஸ்த்ராலின் கவிதையை நேற்றிரவு தமிழாக்கினேன். ஆங்கிலத்தில் வைக்கோற் படுக்கை என்று வரும் இடத்தில் பாய் என்றே எழுதியிருக்கிறேன். மூலமான ஸ்பானிய மொழியிலும் அங்கே இருப்பது பாயைக் குறிக்கும் சொல்தான்.