ஏடிஎச்டி உள்ள தம்பிக்குப் பினாங்கில் மனநல மருத்துவர் தேவை

வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். தம்பிக்கு வயது 23. தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே ஏடிஎச்டி (கவனம் சிதறி, துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) என்று சொல்லிவிட்டார்கள். ரிட்டலின் சாப்பிட்டு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வரை ஓரளவு சமாளித்தான்.

போன தீபாவளிக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு எழவில்லை, குளிக்கவில்லை. கிளினிக்கில் மனச்சோர்வு என்று செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நேரெதிர். ஒரு வாரம்போல் தூக்கமே இல்லை, களைப்பும் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டு முன் அஞ்சடியில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு நட்டாகத் துடைத்துக்கொண்டே ஓயாமல் பேசினான். அப்புறம் மறுபடியும் கட்டில்தான்.

ஏடிஎச்டி துறுதுறுப்பு எங்களுக்குப் பழகியது. சின்ன வயதிலிருந்து தினமும் இருப்பது. இது வந்து வந்து போகிறது. அதனால்தான் பைபோலாரோ (மனநிலை ஒரு சமயம் உச்சத்துக்கும் ஒரு சமயம் சோர்வுக்கும் மாறும் நோய்) என்று பயமாக இருக்கிறது. பைபோலார் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் இந்த வேகம் கிளம்பிவிடலாம்.

தூக்கத்தையும் மனநிலையையும் தினமும் கைப்பேசியில் குறித்து வைத்து, கிளினிக்கில் காட்டினேன். "ஏடிஎச்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்க இன்னும் சில மாதங்கள் ஆகும். கவுன்சலிங்கும் போனோம். அம்மா தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டார். மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ, பெரியவர்களின் ஏடிஎச்டியையும் பைபோலாரையும் சேர்த்துப் பார்க்கிற, அம்மாவிடம் தமிழில் பேசக்கூடிய மனநல மருத்துவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?