ஆலாப் பறவை இறங்குது, மீன் கொதிக்குது, படகு போனதும் முங்கிடுது. என்ன செய்யலாம்?

கடல்குருவி:
வணக்கம். 18 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு. சீசன் தொடங்கியதிலிருந்து சூரையும் சீலாவும் மேலே வந்து பொடிமீனை அடிப்பது நன்றாகத் தெரிகிறது. ஆலாக்கள் கூட்டமாக விழுகின்றன. வேகமாகப் போய், எஞ்சினை நியூட்ரலில் போட்டு, 60 கிராம் மெட்டல் ஜிக்கை (உலோகப் போலி இரை) வீசுவதற்குள் எல்லாம் முங்கிவிடுகிறது. கொஞ்சம் தள்ளி மறுபடி எழும்புகிறது. துரத்தினால் அதே கதை.

இன்னொரு தொல்லை: ட்ரோலிங் (ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுப்பது) போட்டால் எப்போதாவது ஒரு கடி வரும், ரீல் கத்தும், அப்புறம் தூண்டில் நரம்பு லேசாகிவிடும், லூரும் (போலி இரை) போய்விடும். 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), லூருக்கு முன்னால் 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் துண்டு. லூருக்கு முன்னால் கம்பி போட்டால் கடியே விழாது என்கிறார்கள். எதை மாற்றுவது?

பாரைப்பித்தன்:
தூண்டில் இருக்கட்டும், முதலில் படகைப் பார்ப்போம். சத்தத்தைவிட, சத்தம் திடீரென்று மாறுவதுதான் மீனை அதிகம் மிரட்டும். ஒரே சீராக ஓடும் எஞ்சினைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் ட்ரோலிங்கில் படகுக்குப் பின்னாலேயே கடிக்கிறது. முழு வேகத்தில் வந்து திராட்டிலைச் சட்டென்று இறக்கி, கியரை டக்கென்று தட்டினால் கூட்டம் கலைந்துவிடும். போதாக்குறைக்கு நீங்கள் கிளப்பிய அலையே பின்னால் வந்து அதன் தலையில் விழும்.

மீன் இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள், வரப்போகும் இடத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று தடவை எழும்பும் வரை சும்மா நின்று பாருங்கள். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிபடும். பல சமயம் காற்றுக்கோ நீவாட்டுக்கோ (நீரோட்டத்துக்கோ) எதிராகத்தான் போகும். அகலமாகச் சுற்றிப்போய், அதற்கு முன்னால், காற்று வரும் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். வேகத்தைத் தூரத்திலேயே மெல்ல மெல்லக் குறைத்துவிட வேண்டும். மிச்சத் தூரத்துக்குக் காற்று படகைக் கொண்டுபோகும். 40, 50 மீட்டர் தள்ளியே வீசலாம், அதுவும் கூட்டத்தின் ஓரத்தில். நடுவில் வீசத்தான் கை துறுதுறுக்கும், தெரியும்.

மடவை மாமா:
தம்பி, அவை எதைத் தின்கின்றன என்று பார்த்தீர்களா? சூரை விரல்கடை நீளக் குஞ்சுகளைத் தின்று கொண்டிருந்தால் 60 கிராம் ஜிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 20 கிராமுக்கு இறங்குங்கள். பிடிபட்ட மீன் படகில் கக்குவதைக் கழுவி விடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். லூரின் அளவை அதுவே சொல்லிவிடும்.

60 கிராமைத் தூக்கிப் போட வேண்டாம். முங்கிய மீன் ஓடிப்போனதாக அர்த்தமில்லை, பெரும்பாலும் அடியிலேயே இருக்கும். கனமான ஜிக்கை நன்றாக இறங்க விட்டு வேகமாகச் சுற்றுங்கள். பெரிய மீன்கள் கீழே நின்று, அடிபட்டு விழும் பொடிமீனைப் பொறுக்கும்.

ஈயக்குண்டு:
நரம்பு அறுந்த நுனி எப்படி இருக்கிறது? அதைச் சொன்னால்தான் காரணம் சொல்ல முடியும்.

கடல்குருவி:
பெரும்பாலும் லூருக்குப் பக்கத்தில், நேராக, சுத்தமான வெட்டு. ஒருமுறை மட்டும் ஸ்விவலுக்கு (நரம்புகளை இணைக்கும் சுழல் வளையம்) மேலே, பிரெய்டில்.

ஈயக்குண்டு:
அப்படியானால் சீலாவின் பல்தான். முடிச்சு நழுவியிருந்தால் நுனி சுருண்டிருக்கும். கடலடிப் பாரிலோ (பாறையிலோ) படகிலோ உரசியிருந்தால் சொரசொரப்பாக இருக்கும். ஸ்விவலுக்கு மேலே அறுந்தது, ஸ்விவல் பளபளத்ததால் இருக்கலாம்: பொடிமீன் என்று நினைத்து இன்னொரு சீலா கடித்திருக்கும். கறுப்பு நிறத்தில் சின்னதாக மாற்றுங்கள்.

கம்பி போட்டால் கடிக்காது என்பது, நின்ற தண்ணீரில் உயிர் இரை போடும்போது ஓரளவு உண்மை. 5, 6 நாட் வேகத்தில் இழுக்கும்போது மீனுக்கு ஆராய நேரம் கிடையாது. ஒற்றை இழைக் கம்பி 15 சென்டிமீட்டர் போதும். அதற்குமேல் நீளமானால் சிறிய லூரின் ஆட்டம் கெடும். டிராக்கை (ரீல் நரம்பை விடும் இறுக்கம்) கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள், ஸ்பிரிங் தராசை மாட்டிப் பாருங்கள். 30 பவுண்டு நரம்புக்கு 7, 8 பவுண்டு. சீலாவின் முதல் ஓட்டத்தில் ஸ்பூலை (ரீலில் நரம்பு சுற்றிய உருளை) அழுத்திப் பிடிக்கவே கூடாது.

பாரைப்பித்தன்:
கேட்காத ஒன்று: கூட்டத்தின் பின்னாலேயே போகும்போது கரை எவ்வளவு தள்ளிப் போனது என்று தெரியாது. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு. முதல் பங்கு தீர்ந்ததும், ஆலா எவ்வளவு விழுந்தாலும் திரும்பிவிடுங்கள்.

கடல்குருவி:
எல்லோருக்கும் நன்றி. 20 கிராமை வீசப் பிரெய்டை 20 பவுண்டுக்கு மாற்றினால் ட்ரோலிங்குக்கும் அதுவே போதுமா?

ஈயக்குண்டு:
வேண்டாம். வீசுவதற்குத் தனி ரீல் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோலிங்குக்கு இப்போதுள்ள 30 இருக்கட்டும், 300 மீட்டராவது சுற்றியிருக்க வேண்டும்.