இனிக்க இனிக்கப் பேசும் வில்லன் உடனே மாட்டிக்கொள்கிறானே, என்ன செய்ய?

வெள்ளைத்தாள்:
தொடர்கதையில் ஒரு சிக்கல். வில்லன் ஒரு வீட்டுக்குள் நல்லவனாக நுழைந்து அண்ணன் தம்பியைப் பிரிக்க வேண்டும். அன்பாகப் பேசுகிறான், பரிசு தருகிறான், எல்லாரையும் புகழ்கிறான். ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே வாசகர்கள் "இவன்தானே?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில், தளபதி ஒத்தெல்லோவின் கீழ் வேலை செய்யும் வில்லன் இயாகோ முதல் காட்சியிலேயே தன் வெறுப்பைச் சொல்லிவிடுகிறான். ஆனாலும் மேடையில் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. எப்படி?

ஒத்திகை:
எல்லாரையும் புகழ்கிறான் பாருங்கள், கோளாறு அங்கேதான். இயாகோ குழைவதில்லை. கொஞ்சம் முரட்டு ஆள், ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா முன்னாலேயே பெண்களை மட்டம் தட்டிப் பேசுவான். அதனால்தான் மனசில் பட்டதைக் கொட்டிவிடுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டான். நேர்மை என்ற பொருள் தரும் சொல் அந்த நாடகத்தில் 50 தடவைக்கு மேல் வருகிறது. அதில் நிறைய இவனுக்குக் கிடைக்கும் பட்டம்தான்.

இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சியை எடுத்துப் பாருங்கள். ஒத்தெல்லோவின் துணைத்தளபதி காசியோவுக்குக் குடி ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் கலந்து ஒரு கோப்பை குடித்ததே போதும் என்கிறான். இயாகோ பாட்டுப் பாடி இன்னும் ஊற்றுகிறான், வம்பிழுக்க, டெஸ்டிமோனா மேல் ஆசை வைத்திருக்கும் ரோடரிகோவையும் ஏவிவிடுகிறான். கைகலப்பு, சைப்ரஸ் தீவின் அதிகாரி மொண்டானோவுக்குக் காயம். ஒத்தெல்லோ வந்து அதட்டியதும் இயாகோ என்ன செய்கிறான்? காசியோவுக்குக் கெடுதல் பேசுவதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று தயங்கித் தொடங்குகிறான். பிறகு நடந்ததைச் சொல்கிறான், முடிவில் காசியோவுக்காகப் பரிந்தும் பேசுகிறான். தன் கை இருந்த இரண்டு இடங்களை மட்டும் விழுங்கிவிடுகிறான். நண்பன் மேல் பாசத்தில் குற்றத்தைக் குறைத்துச் சொல்கிறாய் என்று ஒத்தெல்லோவே முடிவுகட்டி, காசியோவின் பதவியைப் பறிக்கிறான்.

உங்கள் கதையிலும் வில்லன் தம்பியைப் பற்றிக் கோள் சொல்லக் கூடாது. அண்ணன் அவன் வாயைப் பிடுங்க வேண்டும்.

பனையோலை:
வேடத்தையும் வசீகரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரியபுராணத்து முத்தநாதன், சிவபக்தரான மன்னர் மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல முடியாமல், நீறு பூசி, கத்தியை ஓலைச்சுவடிக் கட்டில் மறைத்து வருகிறான். ‘மைபொதி விளக்கு’, அதாவது உள்ளே கறுப்பை வைத்த விளக்கு, என்கிறார் சேக்கிழார். அவனிடம் பேச்சுச் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. மன்னர் வணங்கியது அந்த வேடத்தை. வேடதாரிக்கு ஒரே ஒரு காட்சி போதும், கட்டு அவிழ்ந்தால் கதை முடிந்தது. தொடர்கதைக்கு அது தாங்காது.

வெள்ளைத்தாள் அவர்களே, ஒரு சின்னத் திருத்தம். யாருக்குமே சந்தேகம் வரவில்லை என்பது சரியில்லை. நாலாம் அங்கத்தில் ரோடரிகோ, "டெஸ்டிமோனாவுக்காக நான் கொடுத்த நகையெல்லாம் எங்கே போச்சு?" என்ற தொனியில் சண்டைக்கு வருகிறான். இயாகோ மறுப்போடு நின்றுவிடுவதில்லை. உன்னிடம் இவ்வளவு துணிச்சல் இருக்கிறதா, இன்றுமுதல் உன்மேல் மதிப்பு கூடிவிட்டது என்கிறான்! சந்தேகப்பட்டதற்கே பாராட்டு. ஆள் அடங்கி, அடுத்த வேலைக்கும் தயாராகிவிடுகிறான். புகழ்ச்சியை இப்படி ஒரு நெருக்கடிக்குச் சேமித்து வையுங்கள்.

வெள்ளைத்தாள்:
அப்படியென்றால் பரிசுக் காட்சிகளை வெட்டிவிடலாமா? இன்னொன்று, அண்ணன் எளிதில் ஏமாந்தால் அவனை முட்டாள் என்பார்களே?

ஒத்திகை:
பரிசுக்குப் பதில் யோசனை கொடுங்கள், அதுவும் நல்ல யோசனையாக. பதவி போன காசியோவிடம், டெஸ்டிமோனாவிடம் போய்க் கேள், அவள் சொன்னால் நடக்கும் என்கிறான் இயாகோ. யார் கேட்டாலும் சரியென்று சொல்லக்கூடிய வழிதான் அது. பிறகு தனியாக நின்று, இதில் வில்லத்தனம் எங்கே இருக்கிறது என்று நம்மையே கேட்கிறான். விஷத்தையும் அங்கேயே நம்மிடம் சொல்லிவிடுகிறான்: அவள் காசியோவுக்காகப் பேசப் பேச ஒத்தெல்லோவுக்கு அவர்கள் இருவர் மேலும் சந்தேகம் ஏறும்.

முட்டாள் பட்டத்துக்கு மருந்து, ஏமாறுகிறவர்களைப் பெருக்குவது. அண்ணன் மட்டும் ஏமாந்தால் அவன் முட்டாள். அம்மா, கணக்குப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கொரு காரணத்தோடு நம்பினால் அந்தப் பேச்சு எழாது. எமிலியா இயாகோ கட்டிய மனைவி, வாய்த்துடுக்கானவள். எவனோ ஒரு அயோக்கியன் பதவிக்காக டெஸ்டிமோனா மேல் இந்த அவதூறைக் கிளப்பியிருக்கிறான் என்று அச்சு அசலாகச் சொல்கிறாள், யாரிடம்? இயாகோ முன்னாலேயே. "அப்படி ஒருத்தன் இருக்கவே முடியாது" என்கிறான் அவன். அவளுக்கும் உறைக்கவில்லை.

பனையோலை:
அந்த எமிலியா காட்சி மாதிரி ஒன்று உங்களுக்கும் வேண்டும். பாதிக் கதை தாண்டிய பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் இரண்டாம் அத்தியாயத்துக் கேள்வி மறுபடி வந்துவிடும்.