சாண்ட்விச் டால்ஃபின் மெழுகுவர்த்தித் தாங்கிகள்: அசலா, மறுவார்ப்பா?

கேள்வி (வேலவன்)

வணக்கம். மாசசூசெட்ஸில் உள்ள பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தையில் மஞ்சள் நிறக் கண்ணாடியாலான, தண்டு டால்ஃபின் வடிவில் அமைந்த மெழுகுவர்த்தித் தாங்கிகள் ஒரு ஜோடி விலைக்கு வந்துள்ளன. சுமார் பத்து அங்குல உயரம், சதுர அடிப்பகுதி. புறஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிர்வதால், இவை 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டன் அண்டு சாண்ட்விச் கண்ணாடி நிறுவனம் செய்த அசல் பொருள்களே என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். பணம் கொடுப்பதற்கு முன் நான் எவற்றைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி (மீனாட்சி)

வேலவன் அவர்களே, ஒளிர்வைக் கொண்டு எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். அந்தப் பச்சை ஒளி கண்ணாடியில் யுரேனியம் கலந்திருப்பதைத்தான் காட்டுகிறது, வயதைக் காட்டுவதில்லை. இன்றும் ஒஹாயோவின் மாஸர் போன்ற நிறுவனங்கள் யுரேனியம் கலந்த கண்ணாடியை வார்த்து விற்கின்றன.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம், டால்ஃபினின் வாலும் மெழுகுவர்த்தி செருகும் கிண்ணமும் சேரும் இடம். சாண்ட்விச் ஊரில் இருந்த அந்த ஆலையில் டால்ஃபினையும் அடிப்பகுதியையும் ஓர் அச்சிலும், கிண்ணத்தை வேறோர் அச்சிலும் அழுத்தி வார்த்து, இரண்டுக்கும் நடுவே உருகிய கண்ணாடித் துளி ஒன்றை வைத்துச் சூட்டோடு ஒட்டினார்கள். ஒட்டியபோது நசுங்கிய அந்தத் துளி, ஓரம் சீரில்லாத மெல்லிய வில்லையாக இன்றும் வெளியே துருத்தி நிற்கும். கையால் ஒட்டியதால் கிண்ணம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதும், அதன் இதழ்கள் சதுர அடியின் மூலைகளோடு நேர்படாமல் திரும்பியிருப்பதும் சகஜம். மறுவார்ப்புகளில், அதாவது பழைய வடிவத்தைப் பின்பற்றிப் பின்னாளில் வார்த்தவற்றில், பல ஒரே துண்டாக வந்தவை என்பதால், அச்சின் பகுதிகள் சேரும் இடத்தில் பதியும் அச்சுக்கோடு கிண்ணத்திலிருந்து வால் வழியாகத் தடையின்றிக் கீழே இறங்கும்.

மறுமொழி (இராசேந்திரன்)

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் கடையில் விற்பதற்காக, ஒஹாயோவின் இம்பீரியல் நிறுவனத்தைக் கொண்டு டால்ஃபின் தாங்கிகளைச் செய்வித்தது. ஏமாற்றும் நோக்கம் அதில் சிறிதும் இல்லை. அருங்காட்சியகத்தின் பெயர்ச்சுருக்கமான எம்எம்ஏ என்ற எழுத்துகள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். சிக்கல் பின்னால் வந்தவர்களால்தான். அந்த எழுத்துகளைத் தேய்த்து அழித்துவிட்டு, அசல் பொருளுக்குரிய விலை சொல்பவர்கள் உண்டு. ஆகவே அடிப்பகுதி முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள்; ஓரிடம் மட்டும் சற்றுக் குழிந்தோ, சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாகவோ இருந்தால், விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

வேலவன்

மிக்க நன்றி. இன்று மீண்டும் சென்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தேன். ஒன்றில் அந்த வில்லை தெளிவாகத் தெரிகிறது, கிண்ணமும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. மற்றொன்றில் வில்லையே இல்லை. அச்சுக்கோடு மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. அதன் அடியில் நிறையக் கீறல்கள் உள்ளன. பார்வைக்கு அதுதான் பழையதுபோல் தோன்றுகிறது.

மறுமொழி (மீனாட்சி)

அந்தக் கீறல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக மேசையில் நகர்த்தப்பட்ட பொருளின் கீறல்கள், மேசையைத் தொடும் விளிம்புகளில் மட்டும், நீளமும் ஆழமும் வேறுபட்டு, எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். பழையதுபோல் காட்டுவதற்காக உப்புத்தாளால் தேய்த்தவை இணைகோடுகளாக ஒரே போக்கில் ஓடும். மேசையைத் தொடவே வாய்ப்பில்லாத உட்குழிவிலும் கீறல் இருந்தால், அது வேண்டுமென்றே போட்டதுதான், ஐயமே வேண்டாம்.

என் கணிப்பில், அசலாக இருக்கக்கூடிய ஒன்றையும் மறுவார்ப்பு ஒன்றையும் ஜோடி சேர்த்து விற்கப் பார்க்கிறார்கள். நல்ல ஜோடி தனித் தாங்கியைவிட அதிக விலை போகும் என்பதால் நடக்கும் வேலை இது.

மறுமொழி (இராசேந்திரன்)

நானும் அவ்வாறே கருதுகிறேன். ஆனால் வில்லை இருக்கும் தாங்கியையும் உடனே சாண்ட்விச் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். 1825இல் டெமிங் ஜார்வ்ஸ் தொடங்கி 1888இல் மூடப்பட்ட அந்த ஆலையின் பெயருக்குச் சந்தையில் மதிப்பு அதிகம் என்பதால், அழுத்தி வார்த்த எந்தப் பழைய கண்ணாடியையும் அந்தப் பெயரில் அழைப்பது விற்பவர்களின் வழக்கமாகிவிட்டது. பிட்ஸ்பர்க்கின் மெக்கீ நிறுவனமும் டால்ஃபின் தாங்கிகள் செய்தது. அடிப்பகுதி ஒரு படியா இரு படியா, தலையின் செதில்கள் எப்படி அமைந்துள்ளன என்பவற்றைக் மாசசூசெட்ஸின் கேப் காட் என்ற பகுதியில் உள்ள சாண்ட்விச் கண்ணாடி அருங்காட்சியகத்தின் சேகரிப்போடு ஒப்பிட்ட பிறகே ஆலையின் பெயரைச் சொல்ல முடியும். அந்த ஒன்றை மட்டும், தனித் தாங்கிக்குரிய விலையில் தருவாரா என்று கேளுங்கள். ஜோடியாகத்தான் தருவேன் என்றால் விட்டுவிடுங்கள்.