டிரைவ் பேனல் சூடு, ட்ரிப் ஆகுது, அவசரம்

ரிங்ஃப்ரேம்காரன்: அண்ணன்களே, ஸ்பின்னிங் மில்லுல மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற டிரைவ், மதியம் ரெண்டு மணிக்கு மேல ஓவர்டெம்ப் (சூடு அதிகம்) காட்டி ட்ரிப் ஆகுது. ஆறவிட்டு ரீசெட் பண்ணா ஓடும், திரும்ப நிக்கும். பேனல் கதவுல சூட்டை வெளியே தள்ளற ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கு, ஜில்லுனு காத்தே வரல. கேஸ் போயிருச்சா? யார்கிட்ட நிரப்பறது?

பேனல்பித்தன்: எத்தனை டிரைவ்? எத்தனை கிலோவாட்? உள்ளே எத்தனை டிகிரி, வெளியே எத்தனை? ஒண்ணுமே சொல்லாம எப்படிங்க?

கூல்மாமா: பேனல் ஏசி போடுங்க. மாத்தினதுல இருந்து எங்களுக்குத் தொல்லையே இல்ல.

பழையவயர்: மாசம் ஒருத்தர் இதே கேள்வி. தம்பி, அதுல கேஸும் இல்ல, கம்ப்ரஸரும் இல்ல. உள்காத்து ஒரு வழி, வெளிக்காத்து ஒரு வழி, நடுவுல அலுமினியத் தகடு. சூடு மட்டும் தகடு தாண்டும், காத்து கலக்காது. பஞ்சு உள்ளே போகாம இருக்கத்தான் அந்த ஏற்பாடே. வெளியே 36னா உள்ளே அதுக்குக் கீழ இறங்கவே இறங்காது. ஜில்லுனு வேணும்னா ஃபிரிட்ஜைத் திறந்து நில்லுங்க.

ரிங்ஃப்ரேம்காரன்: 11 கிலோவாட் ரெண்டு. ஆள் உயர பேனல். உள்ளே 58, வெளியே 36. இப்போ கதவைத் திறந்து பெடஸ்டல் ஃபேன் வெச்சிருக்கேன், ஓடுது.

பழையவயர்: ஸ்பின்னிங் மில்லுல கதவைத் திறந்து ஃபேனா! டிரைவுக்குள்ள டிசி பஸ்ல (டிசி கரண்ட் லைன்ல) 580 வோல்ட் நிக்குது, தெரியுமா?

கூல்மாமா: மெஷின் நின்னா சூப்பர்வைசர் உங்ககிட்டயா கத்துவாரு? நாங்களும் திறந்துதான் ஓட்டினோம்.

பழையவயர்: ஹீட்சிங்க்ல (டிரைவோட சூட்டை காத்துல விடற உலோகத் துண்டுல) பஞ்சு அடைச்சு எத்தனை டிரைவ் போச்சுன்னும் சொல்லுங்க.

பேனல்பித்தன்: சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். தம்பி, உள்ளே வெளியே வித்தியாசம் ஒரு டிகிரிக்கு எத்தனை வாட் சூட்டை வெளியே தள்ளும்னு எக்ஸ்சேஞ்சர் பிளேட்ல போட்டிருக்கு?

ரிங்ஃப்ரேம்காரன்: 40

பேனல்பித்தன்: 22 கிலோவாட்ல 3 சதவீதம் சூடாப் போகுதுன்னு வெச்சா 660 வாட். பேனல் தகரம் 4 சதுர மீட்டர்னா அதுவே டிகிரிக்கு 22 வாட் வெளியே விடும். 40-ம் 22-ம் 62. 660-ஐ 62-ஆல வகுத்தா, வெளியே இருக்கற 36-ஐ விட சுமார் 11 டிகிரி கூட. 47-ல நிக்கணும், உங்களுக்கு 58. எக்ஸ்சேஞ்சர் பேருக்குத்தான் ஓடுது. ரெண்டு ஃபேனும் சுத்துதா? வெளிப்பக்கத் தகடு இடுக்கைப் பாருங்க.

ரிங்ஃப்ரேம்காரன்: வெளிப்பக்கம் பஞ்சு மெத்தை. ஆஃப் பண்ணி ஏர் அடிச்சேன், கதவும் சாத்தியாச்சு. இப்ப 49. நன்றிங்க, ஷிஃப்ட் இருக்கு.

பேனல்பித்தன்: 49-ம் அதிகம்தான். நிறைய டிரைவ் 40 வரைக்கும்தான் முழு லோடு தாங்கும், மேனுவலைப் பாருங்க. ரெண்டாவது டிரைவ் அப்புறமா சேர்த்ததா?

பேனல்பித்தன்: தம்பி?

கூல்மாமா: அதுக்குத்தான் ஏசின்னேன்.

பழையவயர்: ஏசியோட கண்டென்சர்ல (வெளியே சூடு விடற பாகத்துல) மட்டும் பஞ்சு அடையாதாக்கும்.