எழுத்து இரட்டித்து வரும் பன்மைக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சொற்சுருக்கங்களின் பன்மையில் மாட்டிக்கொண்டேன். சி.டி.யோடு எஸ் சேர்ப்பதில் சிக்கலில்லை. ஆனால் பக்கத்துக்கு ஒரு ‘பி’ போடுகிறவர்கள் பக்கங்களுக்கு இரண்டு ‘பி’ போடுகிறார்கள். எல்எல்.பி.யில் இரண்டு எல் வருவதும் இப்படித்தான். ‘சட்டங்களின்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. ‘இரட்டைப் பன்மை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– மொ.

ஐயா, வேண்டாம். வடமொழி இருமை நினைவுக்கு வரும். இரண்டே பக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். ‘அடுக்குப் பன்மை’ எனலாம். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது, அடுக்குத்தொடர் தரும். இங்கே ஒற்றை ‘பி’க்கும் பொருள் உண்டே!
– கு.

நன்னூல் ‘ஒருசொல் இரண்டு மூன்று நான்கு எல்லை முறை அடுக்கும்’ என்கிறது. அடுக்குவது சொல்லை, எழுத்தை அல்ல. ‘மடிநிலைப் பன்மை’ என்பதே என் முடிவு.
– புலவர் அ.

மடி என்றதும் என் மாணவர்கள் பசுவிடம் போய்விடுவார்கள், ஐயா. ‘எழுத்திரட்டல்’ என்று நேராகச் சொன்னால் என்ன? நம் ஆய்வேடுகளில் ஒரு பக்கத்துக்கு ‘ப.’, பல பக்கங்களுக்கு ‘பக்.’ என்கிறோம். நாம் இரட்டிப்பதில்லை, நீட்டுகிறோம். அதற்கும் ஒரு பெயர் தேவைப்படும்.
– செ.

அதற்கு முன் நாளிதழ்களின் ‘எம்.பி.க்கள்’ எந்த விதி என்று யாராவது சொல்லுங்கள். கிளிகள், நரிகள் என்றுதானே எழுதுகிறோம்? கிளிக்கள் உண்டா?
– புலவர் அ.

எழுதுவது ‘பி’, வாயில் வருவது ‘பீ’. ஈக்கள் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.
– கு.

மன்னிக்கவும், இன்னொன்று. ஆங்கிலத்தில் ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டையும் பெயர்ச்சொல்லாக்கி அவற்றோடும் எஸ் சேர்க்கிறார்கள். பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டு, ஓர் ஈற்று நாய்க்குட்டிகளில் எத்தனை ஹீ, எத்தனை ஷீ என்பது. ‘அவர்கள்’ என்று போட்டால் ஆண், பெண் வேறுபாடே போய்விடுகிறது.
– மொ.

கடுவன் எத்தனை, பெட்டை எத்தனை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.
– செ.

சரி, அடுக்குப் பன்மைக்கே ஆதரவு கூடுதல். பக்கத்தில் ‘எழுத்தை இரட்டித்தல்’ என்று விளக்கமும் சேர்த்து அனுப்புகிறேன்.
– மொ.

அனுப்புங்கள். மடிநிலையைக்கூட விட்டுத்தருகிறேன். எம்.பி.கள்தான் சரி, ஈக்களைக் காட்டி அதை மாற்ற முடியாது.
– புலவர் அ.